வஹீது பாயும் பெட்ரோல் முள்ளும்

அப்துல் வஹீதுக்கு நாற்பத்தாறு வயதுவரை இரண்டு பெருமைகள் இருந்தன. மதுரையில் ஓடிய எந்த மோட்டாராக இருந்தாலும் சத்தத்தைக் கேட்டே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பது ஒன்று. அடுத்தவர் பொருளில் ஒரு துளிகூடக் கை வைத்தவரில்லை என்பது இன்னொன்று. முதலாவதை ஊர் ஒத்துக்கொண்டது. தெருவில் வண்டி மக்கர் பண்ணினால் ஆள் அனுப்பி அவரைத்தான் கூப்பிட்டார்கள். இரண்டாவதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நாணயமாக இருக்கிறவனை யார் கூட்டிவைத்துப் பாராட்டியிருக்கிறார்கள்? எதையாவது காணோம் என்றால்தான் அவன் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

பழங்காநத்தத்தில் அரிசி மில் வைத்திருந்த கருத்தக்கண்ணனிடம் அவர் டிரைவர். கருத்தக்கண்ணன் மேற்கே செக்கானூரணிப் பக்கத்துச் சம்சாரி. நெல்லில் சம்பாதித்து, இரண்டு கை மாறி வந்த முப்பத்து நாலாம் வருசத்து அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். வாங்கிய நேரம் சரியில்லை. யுத்தம் வந்தது, பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. மாதத்துக்கு இத்தனை காலன் என்று சர்க்கார் அளந்து ஊற்ற ஆரம்பித்தபிறகு, கருத்தக்கண்ணன் பின் சீட்டில் உட்காருவதையே விட்டுவிட்டார். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்ரோல் அளவு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வருவார். இஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூட அவருக்கு நிச்சயமில்லை. ஆனால் அந்த முள் அவருக்குப் புரிந்தது. வீட்டில் அவர் சம்சாரம் மாயக்காள் குதிருக்குள் கைவிட்டு நெல் எம்புட்டு மிச்சம் என்று பார்ப்பதைப்போல, காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் வண்டி நிற்கிற செட்டுக்கு வந்து சாவியைத் திருப்பச் சொல்லி முள்ளைப் பார்த்துவிட்டுப் போவார்.

நாற்பத்து மூன்றாம் வருசம் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, முள் கீழே கிடந்தது.

"பாய், நேத்துச் சாயங்காலம் பாதியில நின்னுச்சு. இப்பக் காலுக்கு வந்துருச்சு. வண்டி செட்டவிட்டு நகரல. எங்கிட்டுப் போச்சு?"

"அதான் மொதலாளி எனக்கும் புரியல."

"ஒனக்குப் புரியலன்னா வேற யாருக்குப் புரியும்? செட்டுச் சாவி ஒன் இடுப்புலதான இருக்கு?"

கருத்தக்கண்ணனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. களத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்த பொம்பளைகள், மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாலு வருசமாக அவர்கள் வணக்கம் வைத்த மனிதரை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். வஹீதுக்கு உடம்பெல்லாம் கூசியது. இடுப்பில் கட்டியிருந்த பச்சை பெல்ட்டும் அதில் தொங்கிய சாவியும் திடீரென்று கனத்தன.

"ஒண்ணும் வேணாம் பாய். அழகர்கோவிலுக்கு வா. பதினெட்டாம்படிக் கருப்பு கதவுக்கு முன்னால நின்னு, நான் எடுக்கலன்னு சத்தியம் பண்ணு. அம்புட்டுத்தான். அப்பறம் நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

அந்தச் சீமையில் வழக்குகள் அப்படித்தான் தீர்ந்தன. மூடிய அந்தக் கதவுக்கு முன்னால் பொய் சொல்லிவிட்டு நல்லபடியாக வீடு போய்ச் சேரலாம் என்று நினைக்கிறவன் அங்கே கிடையாது. கருத்தக்கண்ணன் அதை அவமானமாகச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே நியாய ஸ்தலத்துக்குக் கூப்பிட்டார்.

"அல்லாமேல தவிர வேற ஆணை எங்களுக்கு இல்ல மொதலாளி," என்றார் வஹீது. "நாளைக்கு ஒரு நாள் குடுங்க. முள்ளச் சோதிச்சுப் பாத்துடுறேன். முள்ளு சரியா இருந்தா, நீங்க எந்த எடத்துல நிக்கச் சொல்றீகளோ அங்கன வந்து நிக்கிறேன்."

மறுநாள் காலையில் அவர் டாங்கி மூடியைத் திறந்தபோது மில்லே சுற்றி நின்றது. அவரிடம் ஒரு மூங்கில் குச்சி உண்டு. காலனுக்கு ஒரு வெட்டு என்று கத்தியால் கீறி வைத்திருந்தார். அதை உள்ளே விட்டு எடுத்தார். கூப்பன் பெட்ரோலும் ஓடிய மைலும் அவருக்கு விரல் நுனியில். ஐந்தாவது வெட்டுவரை ஈரம் இருக்கவேண்டும். இருந்தது, ஒரு விரற்கடை மட்டும் குறைவாக. ஆனால் முள் மூன்று காலன்கூட இல்லை என்றது.

"பாத்தீகளா? முள்ளு பொய் சொல்லுது," என்றார். அதற்குள்ளேயே அவர் முகம் தெளிந்துவிட்டது. அந்த விரற்கடையை அவர் கவனிக்காமல் இல்லை. பங்குனி வெயிலில் குச்சியை வெளியே எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடிப்பதற்குள் பெட்ரோல் உலர்ந்து இறங்கிவிடும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு ஒவ்வொன்றாகப் போனார். டாங்கியின் தலையில் இருந்த கம்பியைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். முள் விறுவிறுவென்று ஏறி நிறைவில் போய் நின்றது. அதே கம்பியை வண்டியின் இரும்பில் தொட்டார். முள் விழுந்து வெறுமையில் படுத்தது. ஆக, முள்ளும் நல்லது, கம்பியும் நல்லது. கோளாறு டாங்கிக்குள். ஐந்து திருகாணிகளையும் கழற்றி உள்ளே தொங்கிய இரும்புக் கையை வெளியே எடுத்தார். அதன் நுனியில் தீப்பெட்டி அளவு பித்தளை மிதவை. பெட்ரோல்மேல் மிதந்து ஏறி இறங்க வேண்டியது அதுதான். காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே சளக் சளக் என்றது.

மாயக்காள் கொண்டுவந்த வெந்நீரில் மிதவையை முக்கினார். விளிம்பில் பற்றவைத்த இடத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. ஊசி முனைகூட நுழையாத ஓட்டை. அதன் வழியாகப் பெட்ரோலைக் குடித்துக் குடித்து மிதவை கனத்துத் தாழ்ந்துபோய், இருப்பதைவிடக் குறைத்துக் காட்டியிருக்கிறது. உள்ளே போனதையெல்லாம் வெளியேற்றி, ஈயம் வைத்து அடைத்து, மறுபடி மாட்டிச் சாவியைத் திருப்பினார். முள் எழுந்து, பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது.

கருத்தக்கண்ணன் அத்தனை பேருக்கும் முன்னால், "நான் வாய் தவறிட்டேன் பாய்," என்றார். அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தான் மட்டும் அழகர்கோவிலுக்குப் போய், அநியாயமாக ஒரு மனிதனைச் சந்தேகப்பட்டதற்குக் கருப்பிடம் மாப்புக் கேட்டு வந்தார். வந்ததும் மில் ஆட்களைக் கூட்டிவைத்து, வஹீதின் தோளில் ஒரு புதுத் துண்டைப் போட்டார். "இனிமே எவனும் முள்ளப் பாத்து எங்கிட்ட வந்து பேசக் கூடாது. வஹீது பாய் சொன்னாச் சொன்னதுதான்," என்று சத்தம் போட்டார். கூட்டத்தில் வஹீதின் மருமகன் முஜிபுர் ரஹ்மானும் நின்று கை தட்டினான்.

முஜிபுர் ரஹ்மான் அந்த மில்லில் இஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவன். வஹீது கேட்டுத்தான் வேலை கிடைத்தது. மகள் அஜ்மல் பீவி தலைப்பிரசவத்துக்குக் காஜிமார் தெருவில் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். பையன் பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முஜிபுர் வியாழக்கிழமை தோறும் வந்து தங்கிவிட்டு, வெள்ளி விடியலில் மில்லுக்குக் கிளம்புவான். கிளம்பும்போது, "சாவியக் குடுங்க மாமா, நான் போயி வண்டியத் தொடச்சு வைக்கிறேன். நீங்க மெதுவா வாங்க," என்று வாங்கிக்கொண்டு போவான். இப்படியொரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று வஹீது தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். அவர் சம்சாரம் மைதீன் பீவி, கண் பட்டுவிடும் என்று அடக்குவாள்.

ரிப்பேர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. ஒரு கோளாறு அகப்பட்டுவிட்டால் அதோடு தேடுவதை நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது கோளாறு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். வஹீது அடுத்தவர்களைப் பார்த்து இதைச் சொல்லிச் சிரித்தவர்தான்.

சித்திரை பிறந்தது. நாலு வாரம் முள் சொன்னதும் குச்சி சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. பேரனுக்கு நாற்பதாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மாவுக்குப் பிறகு வீட்டில் சாப்பாடு. அன்று காலை, லீவு சொல்லிவிட்டு வரலாம் என்று மில்லுக்குப் போன வஹீது, பழக்க தோஷத்தில் சாவியைத் திருப்பிப் பார்த்தார். வியாழன் சாயங்காலம் முக்காலில் நின்ற முள், பாதிக்கு வந்திருந்தது.

அவர் முதலில் சிரித்தார். ஈயம் விட்டுப்போச்சு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். குச்சியை விட்டார். குச்சியும் பாதி என்றது. குச்சியை உதறிவிட்டு மறுபடி விட்டார். கம்பியைக் கழற்றிப் பார்த்தார், முள் ஏறியது. இரும்பில் தொட்டார், விழுந்தது. திருகாணிகளைக் கழற்றி மிதவையை வெளியே எடுத்துக் காதருகே ஆட்டினார். சத்தமில்லை. டாங்கிக்கு அடியில் புழுதியில் படுத்துக் கையால் தடவித் தடவிப் பார்த்தார், ஈரமில்லை. யா அல்லா, எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கட்டும், ஒரே ஒரு ஓட்டை என்று கெஞ்சினார். வாழ்நாளெல்லாம் வண்டிகள் நன்றாக இருக்கவேண்டும் என்று துஆ கேட்டவர், அன்று கோளாறு கேட்டு அழுதார். ஒன்றும் இல்லை. அவர் கையால் ரிப்பேர் பார்த்த முள் அச்சாக வேலை செய்தது. அப்போதுதான் பங்குனி மாதத்து அந்த விரற்கடை ஞாபகத்துக்கு வந்தது. அப்போதும் முள் இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமைதான்.

அப்படியும் அவர் நம்பவில்லை. மனிதன் லேசில் நம்பிவிடுவானா?

வீட்டு முற்றத்தில் பாய் விரித்து நாலு பேருக்கு ஒரு சஹன் வைத்தார்கள். விருந்தாளிகள் எழுந்தபிறகு வீட்டு ஆட்கள் உட்கார்ந்தார்கள். பெரிய தட்டில் நெய்ச்சோறு, மேலே கறி. வஹீதும் மருமகனும் பக்கத்துவீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்தார்கள். விருந்துக்கு அறுத்த கிடா இரண்டும் மருமகன் கொண்டுவந்தது. "இம்புட்டுச் செலவு எதுக்கு மாப்ள?" என்று மைதீன் பீவி திரைக்குப் பின்னால் இருந்து பூரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முஜிபுர் நல்ல கறித் துண்டாகப் பார்த்து மாமனார் பக்கம் ஒதுக்கினான். ஒதுக்கிக்கொண்டே ஏப்பம் விட்டான்.

பெட்ரோலை ரப்பர் குழாயில் வாய் வைத்து உறிஞ்சி இறக்கும்போது எப்படியும் ஒரு மடக்கு உள்ளே போய்விடும். போனால் அன்று முழுக்க ஏப்பத்தில் அதுதான் வரும். மில் இஞ்சினின் கச்சா எண்ணெய் சட்டையில் வீசும் வாடை வேறு. வயிற்றிலிருந்து வருகிற பெட்ரோல் வாடை வேறு. இருபத்தைந்து வருசம் குழாய் உறிஞ்சிய வஹீதுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. சஹனில் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. அந்தக் கறியை அவர் மென்று விழுங்கினார். உலகத்தில் இதைவிடக் கஷ்டமான வேலை ஒன்றை அவர் செய்ததில்லை.

கூட்டம் கலைந்தபிறகு மருமகனை வாசலுக்குக் கூப்பிட்டார். மாப்பிள்ளையிடம் எப்படிப் பேசவேண்டுமோ அப்படித்தான் பேசினார். குரலைத் தாழ்த்தி, தரையைப் பார்த்து.

"மாப்ள, காலையில வண்டியத் தொடச்சீகள்ல. செட்டுப் பக்கம் வேற யாரும் வந்தாகளா?"

முஜிபுர் அவரை நேராகப் பார்த்தான். பிறகு உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னான்: "ஏன் மாமா, எம்மேல சந்தேகமா? விருந்துக்குக் கூப்பிட்டுத் திருட்டுப்பட்டம் கட்டுறீகளா? என் துணிமணிய எடுங்க, இப்பவே போறேன். இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். ஒங்க மகள நீங்களே வச்சுக்கங்க."

அஜ்மல் பீவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். தகப்பனையும் புருசனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அத்தா, என்ன சொன்னீக? என்ன சொன்னீக அவுகள?" என்றாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. வஹீது அந்த முகத்தைப் பார்த்தார். தோளில் தூங்கிய நாற்பது நாள் பிள்ளையைப் பார்த்தார். போலீசுக்குப் போனால் யுத்தகாலச் சட்டம். மருமகன் ஜெயிலில் கிடப்பான், இவள் இந்த வீட்டு மூலையில் கிடப்பாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா. தெரியாமக் கேட்டுட்டேன். மாப்ள, மனசுல வச்சுக்காதீக," என்றார். திருடனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கருத்தக்கண்ணன் செட்டுக்கு வந்தார். முன்பெல்லாம் முள்ளைத் தேடி வருவார். இப்போது வஹீதோடு பேசத்தான் வந்தார். சாவியைத் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, "என்ன பாய், மறுபடி எறங்கிக் கெடக்கு? அந்த மிதவை திரும்பவும் பொத்துப்போச்சா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்ன அன்று கருப்பு கதவுக்குக் கூப்பிட்ட மனிதர்தான். இன்று பொய்யையும் அவரே எடுத்துக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

"ஆமா மொதலாளி," என்றார் வஹீது. "ஈயம் நிக்கல."

"சரி, கெடக்கு. ஒங்கிட்டக் குச்சி இருக்குல்ல? முள்ளு எதுக்கு நமக்கு?" என்று தோளில் கை போட்டார் கருத்தக்கண்ணன். அந்தக் கையின் சூடு பொறுக்காமல் வஹீது வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தார். டாங்கித் தலையில் இருந்த கம்பியைக் கழற்றினார். இரண்டு திருகு, அவ்வளவுதான். அன்றிலிருந்து, டாங்கியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முள் நிறைவிலேயே நின்றது. கருத்தக்கண்ணன் அதைப் பார்க்கும்போதெல்லாம், "மகராசி, எப்பவும் நெறஞ்சு கெடக்கா," என்று கேலி பேசுவார்.

இரண்டு மாதம் அப்படி ஓடியது. வெள்ளிக்கிழமைகளில் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வஹீதுக்கு வாயில்லை. ஒருநாள் முஜிபுர் தானாகவே மாமனார் பக்கத்தில் வந்து நின்று, "முள்ளு பழுதுன்னு நீங்க சொல்லிட்டீக. ஒங்க வார்த்தை இருக்கயில எனக்கென்ன மாமா பயம்?" என்றான். அவன் அதை நன்றியோடுதான் சொன்னான். அன்று ராத்திரி வஹீது சாப்பிடவில்லை. மறுநாள் சாவியைக் கருத்தக்கண்ணன் மேசையில் வைத்து, "கண்ணு மங்குது மொதலாளி. ரோடு தெரியல. இனி வேணாம்," என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். கண்ணுக்கு ஒன்றுமில்லை. தெருவில் போகிற எறும்புகூடத் தெரிந்தது.

பிறகு அவர் வேலைக்கே போகவில்லை. மோட்டார்ச் சத்தம் கேட்டாலும் தலை திருப்ப மாட்டார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டவர்களுக்கு முடியாது என்று சொல்லியனுப்பினார். தொழுகையில் நெற்றி தரையில் பட சுஜூதில் விழுந்தால் எழ நேரமாகும். மைதீன் பீவி வேப்பிலை அடித்தாள், தண்ணீர் ஓதிக் கொடுத்தாள். என்ன நோய் என்று ஒருத்தருக்கும் பிடிபடவில்லை; சொல்லத் தெரிந்த ஒரே ஆள் சொல்லவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் கருத்தக்கண்ணனே காஜிமார் தெருவுக்குத் தேடிக்கொண்டு வந்தார். அதுவரை அவர் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. குனிந்து வாசலில் நுழைந்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மைதீன் பீவி கொடுத்தனுப்பிய டீயைத் தயங்காமல் வாங்கிக் குடித்தார். அவர் சாதிசனம் பார்த்திருந்தால் வாயைப் பிளந்திருக்கும்.

"நீ போனதுலருந்து ரெண்டு டிரைவரு மாத்திட்டேன் பாய். ரெண்டு பயலும் சரியில்ல. ஒருத்தன்கிட்டயும் கூப்பன நம்பிக் குடுக்க முடியல," என்றார். "ஒன் மருமகப்பிள்ள வண்டி ஓட்டப் பழகிட்டானாமே? வந்து கேட்டான். செட்டுச் சாவி, கூப்பன் புஸ்தகம் எல்லாம் அவன் கையில குடுத்துறலாம்னு பாக்குறேன். மாயக்கா யோசிக்கிறா. நான் சொன்னேன், வஹீது பாய் வாயால ஒரு வார்த்த சொல்லட்டும், அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்லன்னு. அதுக்குத்தான் வந்தேன். பையன் நம்பகமான ஆளுதான?"

திரைக்குப் பின்னால் அஜ்மல் பீவி பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டிருந்தது நின்றது. அவள் காது கொடுத்துக் கேட்கிறாள் என்று வஹீதுக்குத் தெரிந்தது. இல்லை என்று சொல்ல வாய் திறந்தார், வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை. கருத்தக்கண்ணன் டீக் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லப்போவதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தயாராக, அந்த வெள்ளந்தி முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மகளையே குடுத்திருக்கேன்ல மொதலாளி," என்றார் அப்துல் வஹீது.

கருத்தக்கண்ணன் தொடையில் ஓங்கித் தட்டினார். "இது போதும் பாய். இதுக்கு மேல என்ன வேணும்?" என்று மிச்ச டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். வழியனுப்ப எழுந்திருக்க முடியாமல் வஹீது பாயிலேயே உட்கார்ந்திருந்தார். உடம்பு சரியில்லாத மனிதர், உட்காரட்டும் என்று சொல்லிவிட்டுக் கருத்தக்கண்ணன் தானே செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.